இலைக்குக் கட்டிய வலையில் கூழ் வத்தல்

1

நம் பங்குக் கோயில் மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதவேண்டும் என்று கேட்டார்களாம். என் நாத்தனார் பிலோமினா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "துபாய்க்காரங்க, கனடாக்காரங்க எல்லாம் எழுதுறாங்க அண்ணி. காட்டுக்காரி நீ ஒருத்திதான் பாக்கி" என்றாள். நான் ஐந்தாவது வரை படித்தவள். கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். தப்பு இருந்தால் பிலோமினாவைக் கேளுங்கள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாஸ். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்கவேண்டும். போன வாரம்தான் போய்வந்தோம்.

நான் இருப்பது மலேசியா நாட்டில், போர்னியோ தீவில், ஒரு பெரிய மழைக்காட்டுக்குள். அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. என் மகள் ஜான்சி அங்கே சுற்றுச்சூழல் படிக்கிறாள், டாக்டர் பட்டத்துக்கு. அவள் படிக்கிற வரைக்கும் அம்மா கூட இருக்கலாம் என்று ஒரு பாஸ் தருகிறார்கள். தருகிறார்கள் என்றால் சும்மா இல்லை. இருட்டோடு ஜீப்பில் ஏறினால் டவுன் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். கோலாலம்பூரில் இறங்கும்போது ஒரு முத்திரை குத்தினார்களே, அது இந்தத் தீவுக்குச் செல்லாதாம். இதற்குத் தனி முத்திரை. ஒரே நாடு, ஒரே கொடி, எதற்கு இரண்டு முத்திரை என்று ஜான்சியைக் கேட்டேன். அது அப்படித்தான் என்றாள். ஆவடியிலிருந்து அம்பத்தூர் போக முத்திரை குத்து என்றால் நம் ஜனங்கள் விடுவார்களா?

அதைவிட எரிச்சல் கைரேகை. கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் என் ரேகை விழுவதில்லை. துடைத்து வை, அழுத்தி வை, லேசாக வை, வேறு விரலை வை. பின்னால் வரிசை நிற்கிறது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு உடம்பு கூசிப்போகிறது. எத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், எத்தனை வருஷம் ஆட்டுக்கல்லில் மாவு தள்ளிய விரல், ரேகை எங்கே இருக்கும்? அதை மலாய் பாஷையில் எப்படிச் சொல்வது? ஜான்சிதான் ஏதோ சொல்வாள். பாஸ் ஆபீஸ் அம்மா சிரித்துக்கொண்டே ஈரத்துணியை நீட்டுவாள். மூன்று வருஷமும் இதே கூத்து. இந்த வருஷம் அங்கே வேறு ஒன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

ஜான்சி என்ன படிக்கிறாள் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் மழுப்பிவிடுவேன். இந்த மலரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இலை பொறுக்குகிறாள்.

காட்டுக்குள் அங்கங்கே நாலு குழாய் நட்டு, இடுப்பு உயரத்தில் வெள்ளை வலையைத் தொட்டில் மாதிரிக் கட்டி வைத்திருக்கிறாள். மரத்திலிருந்து உதிர்வது எல்லாம் அதில் விழும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் அள்ளிக்கொண்டு வருவாள். இலை தனி, குச்சி தனி, பூ தனி, காய் தனி என்று பிரிப்பாள். அப்புறம் ஒரு இரும்பு அடுப்பில் வைத்துக் காயவைத்து, தங்கம் நிறுக்கிற மாதிரி ஒரு தராசில் நிறுப்பாள். அடர்த்தியான இடத்தில் எவ்வளவு விழுகிறது, மரம் சாய்ந்து வெயில் இறங்குகிற இடத்தில் எவ்வளவு விழுகிறது, இதுதான் கணக்கு. ஒரு முழு வருஷம் நடுவில் விட்டுப்போகாமல் எடுத்தால்தான் செல்லும்.

நம் வீட்டு வாசலில் விழுகிற வேப்பிலையைக் கூட்டி ஓரம் தள்ளுடி என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். துடைப்பத்தைத் தொடமாட்டாள். கடல் தாண்டி வந்து பொறுக்குகிறாள்.

அவளைச் சொல்லியும் பயனில்லை. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டைக் கட்டினது அவள் அப்பா. ஏரியில் நுரை மிதந்தால் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவாள். மழை கொட்டினால் தெருவெல்லாம் ஏரி. அவர் கட்டில் மேல் உட்கார்ந்து பாங்குக் காகிதங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். இவள் முழங்கால் தண்ணீரில் நின்று என்ன மீன் வந்திருக்கிறது என்று பார்ப்பாள். அவர் போன பிறகு நான் தனியாக இருக்கக்கூடாது என்று இங்கே அழைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாள்தாம்மா என்றாள்.

அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு முடிவு இருந்தது. இந்த வருஷம் வலை வேலை முடிந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு நாம் ஊரில் என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். நான் பிலோமினாவிடம் சொல்லி மேல்மாடி அறைக்கு வெள்ளை கூட அடிக்கச் சொல்லிவிட்டேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

இங்கே எதுவும் காயாது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. காலையில் மழை, சாயங்காலம் மழை, நடுவில் மரத்திலிருந்து சொட்டுகிற பழைய மழை. உப்பு தண்ணீராகிவிடும். ஜெபமாலைக் கயிறு பூஞ்சைக்காளான் பிடித்துவிட்டது. துவைத்த பாவாடையை மூன்று நாள் கழித்து ஈரமாகவே கட்டிக்கொள்ளவேண்டும். அட்டைப்பூச்சி கதவுக்கு அடியில் வந்து நிற்கும், யார் வீட்டுக்கு விருந்து என்று பார்க்கிற மாதிரி. இதில் இலையைக் காயவைக்க மட்டும் அடுப்பு இருக்கிறது. என் புடவை ஒன்றை அதில் வைக்கிறேன் என்றதற்கு ஜான்சி என்னைப் பார்த்த பார்வையை என் மாமியார் கூடப் பார்த்ததில்லை.

பாஷை அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. கடைக்குக் கெடாய் என்கிறார்கள். கட்டிலுக்குக் காத்தில். கப்பலுக்குக் காப்பால். நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நிலையத்துச் சமையல்கார அம்மா லூசியா எனக்கு எண் சொல்லிக்கொடுத்தாள். சத்து என்றால் ஒன்று. இந்தப் பக்கத்து மலைஜனம் அவள், வேதக்காரி. என் ஜெபமாலையைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்த் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிலும் பூஞ்சைக்காளான். அன்றிலிருந்து சாயங்காலம் இரண்டு பேரும் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து சொல்வோம். அவள் அவள் பாஷையில், நான் என் பாஷையில். முடிகிறபோது ஒன்றாக முடிந்துவிடும்.

மகள்தான் எனக்குப் புரியாமல் போய்க்கொண்டிருக்கிறாள். சாப்பிட வா என்றால் "பொலே" என்கிறாள், சரி என்று அர்த்தம். தூக்கத்தில் கூட அந்த பாஷைதான். சோற்றைக் கரண்டியால் தின்கிறாள். ரசத்தைத் தனியாகக் குடிக்கிறாள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று வலை அள்ளப் போய்விட்டாள். முகப்பேரில் ஒரு நல்ல இடம் வந்தது, பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போட்டோவைக் காட்டினேன். போட்டோவில் அவன் பின்னால் இருந்த மரம் என்ன மரம் என்று சொன்னாள். பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெட், நிலையத்து ஆபீஸ் தாழ்வாரத்தில் மட்டும்தான் வரும். அங்கே நின்று பிலோமினாவிடம் புலம்பினேன். "மரத்தையே கட்டி வெச்சிடு அண்ணி, சீதனம் மிச்சம்" என்றாள்.

4

தவக்காலம் வந்தால் ஊரில் வெயிலும் வந்துவிடும். நானும் பிலோமினாவும் மொட்டை மாடியில் கூழ் வத்தல் போடுவோம். அரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சைமிளகாய், சீரகம், கொஞ்சம் எலுமிச்சை. விடியற்காலையில் கூழ் காய்ச்சி, நனைத்த வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றவேண்டியது. பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்கா கிட்டே வராது. சாயங்காலத்துக்குள் பாதி காய்ந்துவிடும்.

இங்கேயும் அந்த மாதம் கொஞ்சம் மழை விட்டிருந்தது. டவுனிலிருந்து வந்த ஜவ்வரிசி லூசியாவிடம் இருந்தது. அவர் வேட்டி ஒன்றை நான் பெட்டியில் கொண்டு வந்திருந்தேன். குறை என்னவென்றால் இடம்தான். நிலையத்தைச் சுற்றி எங்கேயும் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வெயில் விழாது. ஒரு இடத்தைத் தவிர. குழாயடியைத் தாண்டி, எனக்கு எல்லை என்று வைத்திருக்கிற பலகைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய மரம் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. அங்கே வானம் தெரியும். அங்கே ஜான்சியின் வலைகள் சில இருந்தன. முந்தின நாள்தான் அள்ளிக்கொண்டு போயிருந்தாள். சுத்தமாக, வெள்ளையாக, இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, மேலே வெயில், கீழே காற்று. நீங்களே சொல்லுங்கள். பருத்திப்பட்டில் பிறந்த எந்தப் பொம்பளை அதைப் பார்த்தாலும் என்ன நினைப்பாள்?

வேட்டியை நனைத்து, நாலு முனையையும் நாலு குழாயில் இழுத்துக் கட்டினேன். வலை மேல் படாமல்தான் கட்டினேன். கூழை ஊற்றினேன். கறுப்புக் குடையையும் விரித்து வைத்துவிட்டு, லூசியாவுக்கு வெங்காயம் உரிக்கப் போனேன்.

காக்கா வரவில்லை. இங்கே காக்காவே கிடையாது. குரங்கு வந்தது.

சத்தம் கேட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஒன்று என் குடைக்கு அடியில் நிழலாக உட்கார்ந்து வத்தலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. வேட்டி கிழிந்து தொங்கியது, கூழ் வலை முழுக்க வழிந்திருந்தது. லூசியா கரண்டியால் சட்டியைத் தட்டித்தான் விரட்டினாள். மிஞ்சின வத்தலை நான் முந்தானையில் பொறுக்கிக்கொண்டேன். இலை பொறுக்குகிறவளின் அம்மாதானே.

அதோடு போயிருந்தால் ஒரு வலையோடு போயிருக்கும். ஊரில் காக்கா மறந்துவிடும். இந்தக் குரங்கு மறக்கவில்லை. மறுநாள் வந்து அந்த வெயில் இடத்தில் இருந்த ஒவ்வொரு வலையாக எட்டிப் பார்த்தது. வத்தல் இல்லை என்றதும் ஆத்திரத்தில் கிழித்தது. ஜான்சி தைத்துக் கட்டினாள். மறுபடி கிழித்தது. ஒரு மாதம் இதே வேலை. காட்டுக்குள் இருட்டான இடத்து வலையைத் தொடவில்லை. வெயில் இடத்துக் கணக்குதான் முழுக்கக் குட்டிச்சுவர்.

முதல் நாள் கிழிந்த வேட்டியையும் கூழையும் ஜான்சி வந்து பார்த்தாள். மூன்று வருஷமாக நான் கேட்காத ஆவடித் தமிழ் அவள் வாயில் வந்தது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற. இது இன்னா, நம்ப ஊட்டு மாடியா?"

"மாடி இருந்தா நான் ஏண்டி இங்க வரேன்" என்றேன்.

5

பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு மேலே இருக்கிற பெரிய டாக்டர் அம்மா வந்தாள். குரங்கு கிழித்தது என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளேன் என்று ஜான்சியிடம் சொல்லிப்பார்த்தேன். குரங்கு ஏன் வந்தது என்று கேட்பாங்க, எங்கம்மா வத்தல் போட்டாங்கன்னு சொல்வேன் என்றாள். சொல்லியும் விட்டாள். நான் சமையற்கட்டில் ஒளிந்துகொண்டேன். இந்த லூசியா என்ன செய்தாள் என்றால், மிஞ்சியிருந்த வத்தலை அந்த நேரம் பார்த்து எண்ணெயில் பொரித்துத் தட்டில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் அம்மா அதைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். வெயில் இடத்துக் கணக்கு செல்லாது. வேறு ஒரு வெளியான இடம் பார்த்து, வலை கட்டி, முதலிலிருந்து ஒரு முழு வருஷம் எடுக்கவேண்டும். அப்படியே இன்னும் இரண்டு வத்தல் எடுத்துக்கொண்டாளாம்.

ஒரு வருஷம். நானே என் கையால் ஊற்றிக்கொண்ட ஒரு வருஷம். கிறிஸ்துமஸும் போச்சு, அடித்த வெள்ளையும் போச்சு. இவள் அழுதுகொண்டு வருவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று குழாயடியில் போய் நின்றேன்.

ஜான்சி வந்தாள். பூட்ஸைக் கழற்றி, குழாயைத் திறந்து, சேற்றைக் கழுவ ஆரம்பித்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பரீட்சை முடிந்து வந்த அன்று இருந்த முகம். அவளுக்கு வருத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம், குரங்கு மேல் கூட வரவில்லை.

என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பாட்டை நிறுத்தினாள்.

"நீ வேணா கெளம்பிடும்மா. டிக்கெட் போடறேன். ஊடு இருக்குது, அத்தை இருக்குது. நான் இத முடிச்சிட்டு..."

"முடிச்சிட்டு?"

அவள் பூட்ஸைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அதில் சேறே இல்லை.

"முடிச்சிட்டு வருவியாடி?"

"தெர்லம்மா" என்றாள். குழாயை மூடிவிட்டு, "இங்கயே வேல தரேன்றாங்க" என்றாள்.

எனக்குச் சண்டை போடத் தெரியாது. தாழ்வாரத்துக்குப் போய்ப் பிலோமினாவைக் கூப்பிட்டு, நான் மட்டும் வருகிறேன், மேல் அறையைப் பெருக்கி வை என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நீ மட்டுமா?" என்றாள். நெட் போய்விட்ட மாதிரி நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். வலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஜான்சி, டாக்டர் அம்மா, நிலையத்து ஆட்கள், பிலோமினா கூட. அவர் வேட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழிசலை நான்தான் துவைத்துக் கொடியில் போட்டேன். அது காயாமல் கிடந்தது. ஒருநாள் கொடியில் இல்லை. லூசியா கரித்துணிக்கு எடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். அதைக் கேட்கவும் எனக்குக் கூச்சம்.

6

பாஸ் நாள் வந்தது. புதுப்பிக்க வேண்டாம், ஊருக்குப் போவதாகச் சொல்லிக் கொஞ்ச நாள் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜான்சியே முடிவு செய்திருந்தாள். இருட்டோடு கிளம்பவேண்டும். பல் துலக்கச் சமையற்கட்டுப் பின்பக்கம் போனேன்.

அங்கே புதிதாக நாலு குழாய் நட்டிருந்தது. இடுப்பு உயரம். வலை இல்லை. அதற்குப் பதிலாகத் துணி. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அவர் வேட்டி. கிழிந்த இடத்தையெல்லாம் வலைத் துண்டு வைத்து, வலை தைக்கிற பச்சை நூலால் தைத்திருந்தது. சின்ன வயதில் ஊசி கோக்கக் கூட ஜான்சி என்னைத்தான் கூப்பிடுவாள். தையல் கோணல்மாணலாக ஓடியது. ஒரு குழாயில் எல்லா வலைக்கும் கட்டுகிற மாதிரி ஒரு தகடு. அதில் நம்பர் இல்லை. தமிழில் "அம்மா" என்று எழுதியிருந்தாள்.

ஜீப்பில் அவள் பாஸ் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆபீஸில் அதே அம்மா, அதே கண்ணாடி, அதே ஈரத்துணி. கைரேகை அன்றைக்கும் விழவில்லை. பின்னால் அதே வரிசை. அந்த அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு காலம் என்று கேட்டாள். அதுவரைக்கும் எனக்கு வேண்டியதையெல்லாம் ஜான்சிதான் சொல்வாள். அன்றைக்கும் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"சத்து தாஹுன்" என்றேன் நான். ஒரு வருஷம் என்று அர்த்தம்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா என்ன என்று காதைக் கொடுத்தாள். இன்னொரு தடவை சொல்லவேண்டியதாகிவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். முகமெல்லாம் சூடு ஏறிவிட்டது. ஜான்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. முத்திரை குத்துகிற வரைக்கும் கண்ணாடியில் விரலை அழுத்திக்கொண்டே நின்றேன், அதுதான் விழாது என்று தெரிந்தும்.

அவள் திரும்ப வரப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. பருத்திப்பட்டு எங்கேயும் ஓடிப்போகாது. ஏரி வேண்டுமானால் மழைக்கு நாலு தெரு தள்ளி வரும். பிலோமினா, மேல் அறையை வாடகைக்கு விட்டுவிடாதே. ஒரு வருஷம்தான் சொல்லியிருக்கிறேன்.

நேற்று கூழ் காய்ச்சி அந்த வேட்டியில் ஊற்றினேன். இத்தனை படித்தவள், அதை எங்கே கட்டியிருக்கிறாள் என்றால், நேராக ஒரு பெரிய மரத்துக்குக் கீழே. நாள் பூராவும் ஒரு பொட்டு வெயில் இல்லை. குரங்குக்குக் காவலாக லூசியாவின் சட்டியும் கரண்டியும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலையில் பார்த்தால், ஈர வத்தல் மேல் இலை உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜான்சி பல் துலக்கிக்கொண்டே வந்தாள். குனிந்து, வத்தல் பிய்யாமல், ஒவ்வொரு இலையாக எடுத்தாள். சரி, இப்போதாவது அம்மாவுக்கு ஒரு கைவேலை செய்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்த இலையைக் கீழே போடவில்லை. பாவாடைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, அதில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.